ஊமைத் தட்டு

"இதைக் கழுவித் தர முடியுமாம்மா?" என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

சுலைகா வாசலுக்கு வந்து பார்த்தாள். அவர் கையில் குளியல் துண்டில் சுற்றிய ஓர் இசைத்தட்டு இருந்தது. துண்டை விலக்கியதும், தட்டின் முகம் முழுக்க வெள்ளை பூத்துக் கிடப்பது தெரிந்தது.

"முடியாது" என்றாள்.

"ஏன்?"

"துண்டில சுத்திக் கொண்டாந்திருக்கீங்க."

அவ்வளவுதான். கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. திரும்பிப் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவர் மறுபடி வந்தார். இந்த முறை தட்டு ஒரு தலையணை உறைக்குள் இருந்தது. வெள்ளை வெளேரென்று துவைத்து இஸ்திரி போட்ட உறை.

சுலைகா உறையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கஞ்சி போட்டிருக்கீங்களா?"

"ஆமா. மொடமொடன்னு இருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். "அந்தக் கஞ்சி உதிர்ந்து உள்ள போய் அறுக்கும். சரி, வந்துட்டீங்க. உள்ள வாங்கய்யா."

*

சுலைகாவுக்கு நாற்பத்தொரு வயது. நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குப் போகிற சாலையில் மாடி அறை ஒன்றில் பழைய இசைத்தட்டுகளைக் கழுவி, அவற்றின் ஒலியைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. எங்கெங்கிருந்தோ பெட்டி பெட்டியாக வரும். அவளைத் தேடி மனிதர்கள் வருவது அபூர்வம், தட்டுகள்தான் வரும்.

குஞ்சிதபாதத்துக்கு அறுபத்தேழு. நாற்பது வருடம் ட்ரை கிளீனிங் கடை வைத்திருந்தவர். மையோ மீன்குழம்போ, முகூர்த்தப் பட்டில் கொட்டின சாம்பாரோ, அவர் கைபட்டுப் போகாத கறை ஊரில் இல்லை என்று பேர். அந்தப் பேரை ஊரைவிட அவர்தான் அதிகம் சொல்லிக்கொள்வார்.

வயதைப் பார்த்தால் யாரும் அவரைத்தான் குரு என்று நினைப்பார்கள். நடந்தது தலைகீழ்.

*

"யாரு அனுப்பினது?" என்று கேட்டாள் சுலைகா.

"எங்கப்பா. பினாங்குல இருந்தாரு. அங்க ஒரு கடையில நாம பேசினா அதைத் தட்டுல வெட்டிக் குடுப்பாங்களாம். கடுதாசிக்குப் பதிலா இதை அனுப்பினாரு. நான் அப்ப மூணு மாசக் கைப்புள்ள."

"என்ன பேசியிருக்காரு?"

"ஒண்ணும் பேசல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க தெருவில அரிசி மண்டி வீட்ல மட்டும்தான் கிராமபோன் இருந்துச்சு. தெருவே கூடிடுச்சாம். எங்கம்மா கல்யாணப் பொடவையக் கட்டிக்கிட்டு, என்னை மடியில வச்சுக்கிட்டு முன்னாடி உக்காந்திருக்கா. ஊசிய வச்சாங்க. கர்ருன்னு ஒரு சத்தம். ஊசி வழுக்கி வெளிய விழுந்துருச்சு. மறுபடி வச்சாங்க, மறுபடி விழுந்துச்சு. மூணு தடவ. யாரோ சிரிச்சாங்களாம். புருஷன் ஊமைத் தட்டு அனுப்பியிருக்கான்னு சொன்னாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் அவரு எழுதின எந்தக் கடுதாசிக்கும் அம்மா பதில் போடல. ரெண்டு வருஷத்தில கடுதாசி நின்னு போச்சு. அஞ்சாம் வருஷம் கப்பல்ல வந்த ஒருத்தர், அவரு செத்துட்டாருன்னு சொல்லிட்டுப் போனாரு."

"ஆனா இதைத் தூக்கிப் போடல."

"போடல. பொட்டிக்குள்ள அடியில இருந்துச்சு. போன புரட்டாசியில அம்மா தவறின பெறகுதான் பாத்தேன்."

"அப்பாவப் பத்தி அம்மாகிட்ட கேட்டதே இல்லையா?"

"இல்லம்மா. எங்க வீட்ல நாங்க ரெண்டே பேரு. அவருக்கு அங்க இடமில்ல."

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா தனியாகிவிடுவாளே என்று வருடாவருடம் தள்ளிப்போட்டார். கடைசியில் அம்மாவும் போய்விட்டாள். இப்போது வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். பால்காரனிடம் பேசுகிற நாலு வார்த்தைதான் சில நாட்களில் அவர் மொத்தப் பேச்சும்.

"இந்த வெள்ளைக்கு அடியில கொரல் இருக்கா இல்லையா? அது தெரிஞ்சா போதும். நீங்க கழுவிக் குடுங்க" என்றார்.

"நான் கழுவ மாட்டேன்."

"பின்ன?"

"இதுக்கு வேற பிரதி கெடையாது. கழுவறதும் ஒரு தடவதான், ஓட்டறதும் ஒரு தடவதான். கை தவறினா போச்சு. யாரு கை தவறணும்?"

குஞ்சிதபாதம் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"என் கை" என்றார்.

"அப்ப நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க."

*

முதல் இருபது நாள் தட்டைப் பிடிக்க மட்டும்தான் கற்றுக்கொடுத்தாள்.

ஓரம் ஒரு உள்ளங்கையில், எதிர் ஓரம் மறு உள்ளங்கையில். விரல்நுனி முகத்தில் படக் கூடாது. குஞ்சிதபாதம் எடுப்பார், வைப்பார், எடுப்பார். மத்தியானம் ஆனதும் வீட்டுக்குப் போய்விடுவார்.

"நான் என்ன சின்னப்புள்ளயா?" என்று ஒருநாள் கேட்டார்.

"சின்னப்புள்ளன்னா சட்டுன்னு கத்துக்கிட்டிருக்கும். உங்களுக்கு நாப்பது வருஷக் கை. அது மறக்கணும்ல?"

அடுத்து உலர்ந்த தூரிகை. அதையும் அவர் துணி தேய்க்கிற மாதிரியே வட்டம் வட்டமாகப் போட்டார்.

சுலைகா அவர் கையைத் தடுத்தாள். தட்டில் ஓடுகிற கோட்டைக் காட்டினாள்.

"தூரிகை அது போற வழியில போகணும். குறுக்க போனா அது அழியும்."

*

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தொழுகைக்காக உள்ளறைக்குப் போயிருந்தாள்.

குஞ்சிதபாதத்துக்குக் கை துறுதுறுத்தது. அலமாரியில் தனியாக ஒரு அரக்குத் தட்டு இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு. பயிற்சிக்கென்று அவள் ஒதுக்கிய தட்டுகளை விட்டுவிட்டு அதை எடுத்தார். பையிலிருந்து கடைக்காலத்து ஸ்பிரிட் பாட்டிலை வெளியே எடுத்தார். பஞ்சில் நனைத்தார், கோடு போகிற வழியிலேயே, பாடம் மறக்காமல் துடைத்தார்.

பஞ்சு கன்னங்கரேலென்று ஆனது. இன்னொரு பஞ்சு. அதுவும் கறுத்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சுலைகா வந்ததும் நாலைந்து பஞ்சுகளை நீட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா? எவ்வளவு அழுக்கு!"

அவள் பஞ்சைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். தட்டு வழவழவென்று பளபளத்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை.

"அது அழுக்கு இல்லைங்கய்யா" என்றாள். "அது பாட்டு."

*

மூன்று நாள் அவர் வரவில்லை.

வீட்டில் வாசல் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? மரச்சாமான் மெருகைப் போக்க அவரே எத்தனையோ தடவை அதைத்தான் தடவியிருக்கிறார். தெரிந்தும் ஓடிப்போனது கை. அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரிடமாவது சொல்லி அழலாம் போலிருந்தது. சொல்வதற்கு யாருமில்லை.

நாலாம் நாள் போனார்.

"அது யாரோட ரெக்கார்டும்மா?"

"என்னுது."

"யாரு பாடினது?"

"எங்க வாப்பா. ஒரே ஒரு தடவ பாடினாங்க, ஒரு கம்பெனியில கூப்பிட்டு. பத்துப் பதினஞ்சு காப்பிதான் போட்டாங்களாம்."

"கணினியில ஏத்தி வச்சிருப்பீங்கல்ல?"

"ஊரு ரெக்கார்டையெல்லாம் ஏத்தினேன். அதை நாளைக்கு நாளைக்குன்னு வச்சிருந்தேன்."



"ஏம்மா என்னைத் திட்டல?"

"திட்டினா பாட்டு வருமா?"

அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் டிபன் பாக்ஸ் மூலையில் திறக்காமல் கிடந்தது. இவளும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை. தன் தனிமை ஒன்றே பெரிதென்று இருந்துவிட்டார்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "உங்க தட்டை எடுங்கய்யா."

"நானா? இதுக்கப்பறமுமா?"

"இனிமே உங்க கை அவசரப்படாது."

*

அது மாசி மாதம். காலை வெயில் ஜன்னல் வழியே மேஜை மேல் விழுந்திருந்தது.

"இந்த வெள்ளை என்ன?" என்று கேட்டாள்.

"பூசணம்."

"இல்ல. இது அரக்குத் தட்டு இல்ல. உள்ள அலுமினியத் தகடு, அதுமேல சாயம் மாதிரி ஒரு பூச்சு. அந்தப் பூச்சுக்குள்ள இருக்கிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து உறைஞ்சிருக்கு."

"அப்ப இது வெளியிலேருந்து ஒட்டின அழுக்கு இல்லையா?"

"இல்ல. அதுவே விட்டது."

ஓரத்தில் ஒரு இடத்தில் பூச்சு லேசாகக் கிளம்பியிருந்தது. அடியில் தகடு மின்னியது. அதில் மட்டும் தண்ணீர் இறங்கவே கூடாது, இறங்கினால் தோல் உரிகிற மாதிரி மொத்தமும் உரிந்து வந்துவிடும் என்றாள்.

நடுவிலிருந்த லேபிளைப் பூச்சி பாதி தின்றிருந்தது. மீதியை நனையாமல் மூடினார்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் வாசனையில்லாத சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. மிருதுவான தூரிகை.

குஞ்சிதபாதம் ஆரம்பித்தார்.

ஒரு விரற்கடை அகலம் நனைப்பார். கோட்டின் வழியே தூரிகையைத் தடவுவார். தேய்க்காமல், மெல்லிய துணியை வைத்து ஒற்றி எடுப்பார். நல்ல தண்ணீரில் மறுபடி தடவுவார், மறுபடி ஒற்றுவார். அடுத்த விரற்கடை. கிளம்பின இடம் வரும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, துணியின் ஈரத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தார்.

வெள்ளை விலக விலகக் கறுப்பு வந்தது. வெயில் மேஜையைவிட்டுத் தரைக்கு இறங்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.

முடிந்ததும் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். இந்த நாலு மாதத்தில் கண்ணால் படிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. சத்தம் இருக்கிற இடத்தில் கோடுகள் நெளிந்து சாம்பல் பூத்தாற்போல் தெரியும். மௌனம் என்றால் வழவழவென்று கறுப்பாக இருக்கும்.

ஓரத்தில் வழவழ கறுப்பு. அதன் குறுக்கே மூன்று கீறல்கள். அரிசி மண்டி வீட்டு ஊசி போட்டது.

"இல்லம்மா" என்றார். "ஒண்ணுமில்ல. ஊமைத் தட்டுதான்."

சுலைகா கிட்டே வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சம் இரண்டு விரல் அளவு உள்ளே நகரும்படி சாய்த்தாள்.

லேபிளை ஒட்டி, வட்டம் வட்டமாக, நெருக்கமாக, நெளிநெளியாக முழுக்கச் சாம்பல்.

குஞ்சிதபாதம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேச்சு ஓரத்திலேருந்துதானே ஆரம்பிக்கும்?"

"கடையில விக்கிற ரெக்கார்டுல அப்படி. இந்த மாதிரி கையால வெட்டறதுல சிலது உள்ளேருந்து ஆரம்பிச்சு வெளிய வரும். வெட்டறப்ப பூச்சு சுருள் சுருளா நூலாட்டம் கிளம்பும். உள்ளேருந்து வெட்டினா அது வழியில வராம நடுவில போய்ச் சேந்துக்கும். லேபிள்ல எழுதியிருப்பாங்க. உங்க தெருவில யாருக்கும் அது தெரிஞ்சிருக்காது."

"அப்ப அவங்க வச்சது…"

"கடைசியில வச்சாங்க. பேசி முடிச்சப்பறம் இருக்கிற இடத்துல."

குஞ்சிதபாதம் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா எண்பத்தைந்து வயதுவரை இருந்தாள். அத்தனை வருடமும் அவள் படுத்த அறையில், அவள் பெட்டிக்குள், அவளோடு பேச வந்த குரல் இருந்தது. அந்த மனிதர் பதில் வராத கடுதாசிகளை எழுதி எழுதி ஓய்ந்து அங்கேயே செத்தார். இரண்டு பேருக்கும் நடுவே இரண்டு விரல் தூரம். அவர் வாய்விட்டு அழுதார்.

"உனக்குத் தெரியுமா இது? மொதல்லயே?" என்று கேட்டார். மரியாதை மறந்துபோயிருந்தது.

"ஊசி மூணு தடவ வழுக்கினதச் சொன்னப்பவே சந்தேகம் வந்துச்சு. வெறும் சந்தேகத்த வச்சுக்கிட்டு உங்கம்மாவப் பத்தி நான் என்ன சொல்றது?"

அவரைத் தேற்றுவதற்காக அவள் சொன்னாள்: "ஒண்ணு நெனச்சுப் பாருங்கய்யா. அது இரும்பு ஊசி. அதை அன்னிக்குச் சரியான எடத்துல வச்சிருந்தா இந்தப் பூச்சை உழுது தள்ளியிருக்கும். உங்கம்மா ஒரே தடவதான் கேட்டிருப்பாங்க. இன்னிக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

குஞ்சிதபாதம் கண்ணைத் துடைத்தார்.

"அவளுக்கு ஒரு தடவ போதும்மா" என்றார்.



*

தட்டை உடனே ஓட்ட வேண்டும். கிளம்பின பூச்சு காயக் காய இன்னும் கிளம்பும்.

அவள் கணினியைப் பதிவுக்குத் தயாராக்கினாள். மிக லேசான ஊசியாகப் பொருத்தினாள். தட்டு சுழல ஆரம்பித்தது. ஊசியை லேபிளுக்குப் பக்கத்தில், உள்வட்டத்தில் இறக்கினாள்.

கொதிக்கிற எண்ணெய்போல ஒரு இரைச்சல்.

பிறகு யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"தையு…"

குஞ்சிதபாதம் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். தையல்நாயகி என்கிற அவர் அம்மாவை அப்படி யாரும் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை.

"தையு, நான்தான். கடைக்காரரு பேசு பேசுங்கறாரு. என்ன பேசறதுன்னு தெரியல. நல்லாருக்கேன். இங்க ஒரே மழ."

சின்னப் பையன் குரலாக இருந்தது. பேசுகிறவனுக்கு இருபத்தாறு வயது. கேட்கிறவருக்கு அறுபத்தேழு.

"தந்தி கெடச்சுது. அதைச் சட்டப்பையிலயே வச்சிருக்கேன். ஆம்பளப் புள்ளன்னு போட்டிருந்துச்சு. பேரு போடல."

ஒரு சிரிப்பு. மறுபடி கனைப்பு.

"புள்ளைக்கு என்ன பேரு வச்சே?"

பிறகு குரல் நின்றது.

தட்டு சுழன்றது. இரைச்சல் மட்டும். ஒரு சுற்று, ஐந்து சுற்று, பத்துச் சுற்று. குரல் வரவில்லை.

குஞ்சிதபாதம் பதறி எழுந்தார்.

"அம்மா, நின்னு போச்சு! எதுவும் கேக்கலையே? நான்தான் அழுத்தித் தொடச்சுட்டேனா? அழிச்சுட்டேனா?"

சுலைகா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழியலைங்கய்யா. உங்கப்பா கேட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றாள். "பேரைச் சொல்லுங்க."